இறங்காத புரை

அடுப்பைத் தணித்து வைத்துவிட்டு வந்தீர்களா கண்ணுகளா? வாருங்கள், இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். இந்த வாரக் கதையை உரக்கச் சொல்ல முடியாது. சத்தமே போடாமல் வாழப் பழகின ஒரு வீட்டைப் பற்றியது. மடியில் பிள்ளை இருந்தால் அதையும் தூக்கிக்கொண்டே வாருங்கள். நடுவில் அது இருமினாலும் சிணுங்கினாலும் நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன். இருமல் கதைதான் இது.

போன வாரம் விட்ட இடம் ஞாபகம் இருக்கிறதா? நெய்வேலி டவுன்ஷிப்பில் செபாஸ்டினுக்கு இந்த மாதக் கடைசியோடு மைன்ஸ் வேலை முடிகிறது. அதற்கப்புறம் குவார்ட்டர்ஸை ஒப்படைத்தாக வேண்டும். மனைவி சகாயமேரி போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. ஆகவே வீட்டை ஒழிக்க ஒரே மகள் ஜெனிஷா சென்னையிலிருந்து வந்தாள், இடுப்பில் ஒன்றரை வயது ஜெபினோடு. அவள் வீட்டுக்காரன் அலெக்ஸுக்கு மஸ்கட்டில் வேலை. ஒழிக்க வந்தவள் ஒன்றையும் ஒழிக்காமல், அம்மாவின் முறத்தையும் அப்பாவின் பழைய ஹெல்மெட்டையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்பதோடு நிறுத்தியிருந்தேன்.

அன்று காலையில் பழைய சாமான்காரர் வந்துவிட்டார். குள்ளஞ்சாவடிக்காரர். மூன்று சக்கர வண்டி. இனிமேலும் தள்ளிப்போட முடியாது என்று ஜெனிஷா மனசைக் கல்லாக்கிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். துருப்பிடித்த கட்டில், கைப்பிடி போன வாளி, சாயம் போன பிளாஸ்டிக் குடம். கொல்லைப்பக்க ஸ்கூட்டர் ஷெட்டில் ஒரு முக்காலி இருந்தது. உட்கார்ந்தால் ஒரு கால் ஆடும். அதையும் தூக்கி வண்டியில் போட்டாள்.

வண்டி கிளம்பின கொஞ்ச நேரத்தில் நைட் ஷிஃப்ட் பஸ் தெருமுனையில் நின்று போனது. செபாஸ்டின் உள்ளே வந்தார். டிபன் கேரியரைத் துண்டின் மேல் வைத்தார். காபியைக் குடித்துவிட்டு ஹாலை ஒட்டின முன்னறையில் போய்ப் படுத்தார்.

அவர் படுத்ததுதான் தாமதம், ஜெபினுக்கு இருமல் வந்தது.

யோசிக்கவே இல்லை ஜெனிஷா. பிள்ளையைத் தூக்கித் தோளில் சாய்த்து, அவன் வாயைத் தன் கழுத்தோடு அணைத்துக்கொண்டு, பின்கதவைத் தாழ்ப்பாள் சத்தம் கேட்காமல் திறந்து, கொல்லைக்குப் போய்விட்டாள். பலாமரத்தடியில் நின்ற பிறகுதான், நான் ஏன் இங்கே வந்தேன் என்று அவளுக்கே சிரிப்பு வந்தது.

அந்த வீட்டில் அவள் வளர்ந்த விதம் அப்படி. அப்பாவுக்கு நைட் ஷிஃப்ட் என்றால் பகலெல்லாம் வீட்டுக்கே ராத்திரி. சகாயமேரி குக்கரை விசில் அடிக்க விடமாட்டாள். அது உஸ்ஸென்று மூச்சு வாங்கும்போதே அடுப்பைத் தணித்துவிடுவாள். தேங்காய் உடைப்பதென்றால் பக்கத்து வீட்டு மலர்கொடியிடம் கொண்டுபோய் உடைத்து வருவாள். ஐஸ்காரர்கூட அந்த வரிசைக்கு வந்தால் மணியைக் கையால் பொத்திக்கொண்டு சைக்கிளைத் தள்ளிப் போவார். எந்த வீட்டில் யார் தூங்குகிறார் என்பது அந்தத் தெருவுக்கே பாடம்.

சின்னப்பிள்ளை ஜெனிஷாவுக்கு இருமல் வந்தால் தலையணை. தலையணைக்கும் அடங்காவிட்டால் கொல்லை. அம்மா மடியில் போட்டு முதுகை நீவிக்கொண்டே, "மெதுவா கண்ணு, அப்பா தூங்குறாரு" என்பாள். ஷெட்டின் தகரக் கூரை மேல் வேப்பம்பழம் விழும் சத்தம் கேட்கும். அம்மாவின் புடவையில் சாம்பிராணி வாசம் அடிக்கும். இருமலுக்குக்கூட ஒரு சுகம் இருந்த காலம் அது.

கல்யாணமான புதிதில் அலெக்ஸ் கேட்டான். "ஏன் இப்படித் தலையணைக்குள்ள முகத்தைப் புதைச்சிக்கிட்டு இருமுற? யாரு தூங்குறா இங்க?" பட்டப்பகல். அவர்கள் இருவரைத் தவிர வீட்டில் யாரும் இல்லை.

"என்னாடி ஜெனி, காலங்காத்தாலயே புள்ளைய இடுப்புல வெச்சிக்கினு மரத்துக்குக் காவல் காக்கிறியா?"

வேலிக்கு அந்தப் பக்கம் மலர்கொடி. கையில் துணி வாளி. காடாம்புலியூர் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள், சிங்காரவேலைக் கட்டிக்கொண்டு டவுன்ஷிப்புக்கு வந்தவள். செபாஸ்டினை அண்ணே என்பாள். அதனால் ஜெனிஷாவுக்கு அத்தை.

"அப்பா தூங்குறாரு அத்தை."

"ரிட்டையரு ஆயி ஊரவிட்டே போனாலும் நீங்க இப்டிதான் குசுகுசுன்னு பேசிக்கினு கெடப்பீங்க. உங்க வூட்டு குக்கரு விசில் அடிச்சி இந்தத் தெருவுல யாராவது கேட்டிருக்காங்களா? அதுக்கே வாய் ஊமையாப்போச்சி."

ஜெனிஷா சிரித்தாள். ஜெபின் இருமினான். சின்னச் சின்னதாக, தொடர்ச்சியாக, எதையோ வெளியே தள்ளப் பார்த்துத் தோற்றுப் போகிற மாதிரி.

"இன்னும் நிக்கலியா இது? நாந்தான் சொன்னேனே, இது நம்ம ஊரு கரித்தூசு இருமல். சென்னைப் புள்ளைக்கு ஒத்துக்கலை. மெட்ராசு போயி எறங்கினா தானா நின்னுடும்."

"எதிர்வூட்டு வீரம்மா அத்தை பல்லு மொளைக்கிறதுனால வர்ற இருமல்னு சொல்லிச்சி."

"அவளுக்கு எல்லாமே பல்லுதான். புள்ளைக்கு வயித்தாலப் போனாலும் பல்லுன்னுதான் சொல்லுவா."

"மெடிக்கல்ல சிரப்பு வாங்கிக் குடுத்தேன் அத்தை. குடுத்தா தூங்கறான். இருமல் மட்டும் அப்படியே இருக்கு."

ஜெனிஷாவுக்கு உள்ளுக்குள் கவலைதான். ஆனால் பெரிய கவலை இல்லை. காய்ச்சல் இல்லை, மூக்கு ஒழுகவில்லை, விளையாடுகிறான். போன ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் நன்றாகத்தான் இருந்தான். அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் அவளுக்கு இப்போதும் மனசுக்குள் இனித்தது. சாமான் கட்ட அட்டைப்பெட்டி வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். மலர்கொடிதான் ஜெபினைப் பார்த்துக்கொண்டாள். திரும்பி வந்ததும் மலர்கொடி வாசலிலேயே சொன்னாள்: "உன் வூட்டுக்காரரு இப்பதான் புள்ளைய நெனைச்சிக்கினாரு போல. பொரை ஏறிடுச்சி பாரு அவனுக்கு!"

நம் வீடுகளில் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? சாப்பிடும்போது புரை ஏறினால் உச்சந்தலையில் தட்டி, யாரோ நினைக்கிறாங்க என்போம். ஜெனிஷா அன்று மஸ்கட்டுக்குக் குரல் செய்தியே அனுப்பிவிட்டாள். "நெனைச்சீங்களாமே, உண்மையா?" என்று. "எப்ப நெனைக்காம இருந்தேன்?" என்று அலெக்ஸ் பதில் அனுப்பினான். அதை அவள் அப்புறம் எத்தனையோ தடவை கேட்டாள்.

அந்த இனிப்பில் இருந்தவளை ஜெபின் உலுக்கி எழுப்பினான். திடீரென்று இருமல் அடுக்கடுக்காக வந்தது. குடித்த பாலெல்லாம் அவள் தோளில் வந்துவிட்டது. மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே தோல் உள்ளே குழிந்தது. கூடவே மெல்லிசாக ஒரு விசில்.

மலர்கொடி வாளியைப் போட்டுவிட்டு வேலியைச் சுற்றி ஓடிவந்தாள். "ஏ, இது தூசு இல்லடி. கெளம்பு. நான் ஸ்கூட்டிய எடுக்கறேன்."

ஸ்கூட்டியை எடுத்தவள் அதைக் கிளப்பவில்லை. செபாஸ்டின் வீட்டு ஜன்னலைத் தாண்டித் தெருமுனை வரைக்கும் இரண்டு பேருமாகத் தள்ளிக்கொண்டே போனார்கள். உயிர் பதைக்கிற நேரத்திலும் தூங்குகிறவரை எழுப்பக்கூடாது. அந்தத் தெருவின் கை கால்களுக்கு வேறெதுவும் தெரியாது.

டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் குழந்தைகள் டாக்டர் பெயர் மணிமொழி. சின்ன வயசுதான். ஜெபினைக் கையில் வாங்கவில்லை. ஜெனிஷா மடியிலேயே உட்கார வைத்து, சட்டையைத் தூக்கிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் அவன் மூச்சு விடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூக்கு ஒழுகுச்சாம்மா? சளி?"

"இல்லைங்க டாக்டர்."

"காய்ச்சல்?"

"இல்லைங்க."

"இருமுறப்போ நாய் குரைக்கிற மாதிரி சத்தம் வருதா? இல்ல, விடாம இருமி முடிச்சிட்டு, கடைசியில ஊய்னு மூச்சை இழுக்கிறானா? படுத்தா அதிகமா? ஓடினா அதிகமா?"

இருமலுக்குள் இத்தனை இருமல் இருக்கிறதா என்று ஜெனிஷா விழித்தாள். ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினாள். அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. ஒவ்வொரு தடவையும் இருமல் வந்தவுடன் அவனைத் தோளோடு அமுக்கிக்கொண்டு வெளியே ஓடியிருக்கிறாள். அந்தச் சத்தத்தை அவள் முழுசாகக் கேட்டதே இல்லை.

"எனக்கு ஒன்னே ஒன்னு சொல்லுங்க. இது எப்ப ஆரம்பிச்சது? கொஞ்சம் கொஞ்சமா வந்துதா, இல்ல திடீர்னா?"

"கொஞ்சம் கொஞ்சமாத்தான் டாக்டர்... போன வாரம்... சரியா தெரியலைங்க."

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை முதுகில் வைத்தார். இடது பக்கம். வலது பக்கம். மறுபடியும் இடது. மறுபடியும் வலது. வலது பக்கத்தில் வெகுநேரம் நின்றார்.

"வலது பக்கம் காத்து சரியாப் போகலை. யோசிச்சிச் சொல்லுங்கம்மா. ஏதாவது தின்னுக்கிட்டு இருந்தப்போ, வாயில வெச்சிக்கிட்டு விளையாடினப்போ, திடீர்னு இருமினானா? வேர்க்கடலை, பட்டாணி, பொம்மையோட துண்டு?"

"கடலை எல்லாம் நான் குடுக்கிறதே இல்லைங்க."

"நான் சொல்றேன் டாக்டரு."

எல்லோரும் திரும்பினார்கள். வாசலில் செபாஸ்டின். ஷிஃப்ட் பேன்ட், மேலே பனியன், சட்டை போட்டிருந்தார், பொத்தான் போடவில்லை. ஒரு காலில் அவர் செருப்பு, இன்னொன்றில் செத்துப்போன சகாயமேரியின் செருப்பு. சைக்கிளில் வந்த வேகத்தில் மூச்சு வாங்கியது.

"அப்பா! நீங்க தூங்கலியா?"

அவர் மகளைப் பார்க்கவில்லை. டாக்டரைப் பார்த்தே பேசினார்.

"ஞாயித்துக்கெழம மத்தியானங்க. புள்ள ஹால்ல சிரிச்சிக்கினு இருந்தான், கதவு சந்துல தெரிஞ்சிது. இந்த மலரு முந்தானையால மூஞ்ச மூடி மூடித் தொறந்து வெளையாட்டு காட்டிக்கினு இருந்துச்சி. அவனும் கெக்கெக்கென்னு சிரிக்கிறான். சிரிப்பு நடுவுல அறுந்துபோச்சிங்க. சத்தமே இல்ல. அப்புறம் ஒரு பெரிய இருமல். அதுக்கு முன்னால அந்த இருமல் அவனுக்குக் கெடையாது. அப்பலருந்துதான்."

மலர்கொடியின் கை வாய்க்குப் போனது.

"பொரை ஏறுச்சின்னு மலரு தலையில தட்டிச்சி" என்றார் செபாஸ்டின். "ஒங்கப்பன் நெனைக்கிறான்டான்னு சொல்லிச்சி. பொரை ஏறினா கொஞ்ச நேரத்துல எறங்கிடணும் டாக்டரு. இது இன்னும் எறங்கவே இல்ல."

"என்னம்மா குடுத்தீங்க அப்போ?" என்று டாக்டர் மலர்கொடியிடம் கேட்டார். அதட்டவில்லை.

"முந்திரிங்க" என்றாள் மலர்கொடி. "எங்க காட்டு முந்திரி. ஊர்லருந்து தம்பி கொண்டாந்தான். பாதியா ஒடச்சித்தான் வாயில வெச்சேன். புதுசுங்க... நல்ல முந்திரிங்க..."

"முந்திரிமேல குத்தம் இல்லைம்மா. இந்த வயசுல அரைச்சுத் தின்கிற கடைவாய்ப் பல்லு சரியா இருக்காது. சிரிக்கிறப்போ மூச்சை உள்ள இழுப்பான். அதோட துண்டும் மூச்சுக்குழாய்க்குள்ள போயிருக்கலாம். முதல்ல பெருசா இருமுவாங்க, அப்புறம் அடங்கின மாதிரி இருக்கும். எல்லாரும் மறந்துடுவோம். உள்ள அது ஊறிக்கிட்டு இருக்கும்."

"உங்க முந்திரி அத்தை!" என்று வெடித்தாள் ஜெனிஷா. "கடலை குடுக்காதீங்கன்னு நான் வந்த அன்னிக்கே சொன்னனா இல்லியா?"

"கடலைதான்டி குடுக்காதன்னு சொன்ன..." என்று ஆரம்பித்த மலர்கொடி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அழுகையில்கூடச் சத்தம் இல்லை. அவளும் அந்தத் தெருக்காரிதானே.

எக்ஸ்ரேயில் வலது பக்கம் காற்று சிக்கிக்கொண்டு உப்பியிருந்தது. பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போக வேண்டும், மயக்கம் கொடுத்துக் குழாய் விட்டு எடுப்பார்கள் என்றார் டாக்டர். அங்கே போனும் போட்டுச் சொல்லிவிட்டார்.

"வழியில எதுவும் குடுக்காதீங்க. பால், தண்ணி, அந்த சிரப்பு எதுவும் வேண்டாம். சிரப்பு இந்த வயசுக்கே வேண்டாம். இருமல் நமக்கு எதிரி இல்லைம்மா. உள்ள வந்ததைத் துரத்துற காவல்காரன். படுக்க வைக்காம உங்க மேல சாய்ச்சே உக்கார வைங்க. இருமினா இருமட்டும், அமுக்காதீங்க. வாய்க்குள்ள விரல் விட்டுத் தோண்டவும் கூடாது. ஆம்புலன்ஸ்ல நர்ஸ் கூட வருவாங்க. உதடு நீலமானாலோ, சத்தம் நின்னு மூச்சு திணறினாலோ உடனே அவங்ககிட்ட காட்டுங்க."

அமுக்காதீங்க என்றபோது ஜெனிஷாவுக்கு எங்கேயோ சுருக்கென்றது.

ஆம்புலன்ஸில் வீட்டு ஆட்கள் இரண்டு பேர்தான் ஏறலாம். கதவு சாத்தும்போது மலர்கொடி ஸ்கூட்டி சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வெயிலில் நின்றாள். ஜெனிஷா அவளைப் பார்க்காத மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

வண்டி ஆர்ச் கேட்டைத் தாண்டியது. இருபக்கமும் முந்திரிக் காடு ஓடியது. ஜெபின் அம்மா நெஞ்சில் சாய்ந்து, கண்ணை அகல விழித்துக்கொண்டு மூச்சோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தான். முன்சீட்டுப் பக்கம் நர்ஸ் ஆக்சிஜனைச் சரிபார்த்தாள். ஒவ்வொரு இருமலுக்கும் ஜெனிஷாவின் கை அவன் தலைக்குப் பின்னால் போய், பாதியில் நின்று, திரும்பி வந்தது.

"அப்பா."

"சொல்லும்மா."

"உங்களுக்கு அன்னிக்கே தெரிஞ்சிருக்கு."

அவர் பேரனின் சட்டையை இழுத்துவிட்டார்.

"சிரிப்பு அறுந்தது கேட்டுச்சி. இருமல் ஆரம்பிச்சது கேட்டுச்சி. அப்பலருந்து நான் மெடிக்கலுக்குப் போறேன், தூசுன்றேன், பல்லுன்றேன். பக்கத்து ரூம்ல படுத்துக்கினு எல்லாத்தையும் கேட்டுக்கினு இருந்தீங்க. ஏம்ப்பா ஒரு வார்த்தை சொல்லலை?"

செபாஸ்டின் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"சொன்னா, நா தூங்கலன்னு தெரிஞ்சிடுமேம்மா. நா முழிச்சிக்கினு இருந்தேன்னு எப்டி சொல்றது?"

"என்னப்பா சொல்றீங்க?"

"பகல்ல எனக்குத் தூக்கம் வராது ஜெனி. வேலைக்குச் சேர்ந்த நாள்லருந்து வராது. கண்ண மூடிக்கினு படுத்திருப்பேன், அவ்வளவுதான். உங்கம்மாகிட்ட சொல்லலாம்னு ஒருநாள் வாயத் தொறந்தேன். அப்ப அவ தேங்காய எடுத்துக்கினு பின்பக்கமா மலரு வூட்டுக்குப் போறா, கொலுசக் கழட்டிக் கையில வெச்சிக்கினு. நான் தூங்கணும்னு கொலுசையே கழட்டறவகிட்ட, எனக்குத் தூக்கமே வர்றதில்லடின்னு எப்டிம்மா சொல்லுவேன்? அவ பட்ட பாடெல்லாம் வீண்தானேன்னு ஆயிடாதா? சரி, தூங்குற மாதிரியே இருந்துடுவோம்னு இருந்துட்டேன்."

"மைன்ஸ் கேன்டீன்ல பெருமையா சொல்லுவீங்களாமே, எம்பொண்ணு இருமி நா கேட்டதே இல்லைன்னு?"

"அது உங்கம்மா காதுக்குப் போவட்டும்னு சொன்னது." அவர் லேசாகச் சிரித்தார். "ஒன் இருமல் எனக்குத் தெரியாதா? நாலு வயசுல ஒருதரம் நாய்க்குட்டி குரைக்கிற மாதிரி இருமின. உங்கம்மா உன்னத் தூக்கிக்கினு ஷெட்டுக்கு ஓடினா. வெளிக்காத்து பட்டதும் தேவலையாச்சி. அப்பவும் ஜன்னல் வழியா பாத்துக்கினுதான் நின்னேன். நீ தலகாணில வாய வெச்சி இருமினா, இன்னிக்கி பெரிய தலகாணியா சின்னதான்னுகூடச் சொல்லுவேன்."

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையானது.

"இன்னிக்கி ஏம்ப்பா எழுந்து வந்தீங்க?"

"ஸ்கூட்டிய ஸ்டார்ட் பண்ணாம தள்ளிக்கினு போனீங்களே, அது கேட்டுச்சி. நீ சின்னதா இருக்கிறப்போ பகல்ல ஒனக்கு முடியாம போனா, சிங்காரவேலு அப்டித்தான் வண்டியத் தள்ளிக்கினு வருவான், உங்கம்மாவ ஏத்திக்கினு போவ. இன்னிக்கி அந்தச் சத்தத்தக் கேட்டப்புறம் எனக்குப் படுத்திருக்க முடியலம்மா. இந்தத் தடவையும் தூங்குற மாதிரியே இருந்துட்டா..."

அவர் பேரனின் காலைப் பிடித்துக்கொண்டார். உள்ளங்கையில் அந்தச் சின்னப் பாதம் முழுசாக மறைந்துபோயிற்று.

பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் ஆட்கள் தயாராகக் காத்துக்கொண்டிருந்தார்கள். ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர் முதல் மயக்க டாக்டர் வரை எல்லோரும் ஜெபினை ஜெபின் என்றே கூப்பிட்டார்கள். வயிறு காலியாகி நேரம் போகட்டும் என்று காக்க வைத்தார்கள். அப்புறம் கதவு மூடிக்கொண்டது.

அப்பாவும் மகளும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். செபாஸ்டின் ஜெபமாலையை எடுத்தார். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. ஜெனிஷா போனை எடுத்தாள். அலெக்ஸுக்குச் சொல்லிவிட்டாள். இன்னொரு பெயரின் மேல் விரலை வைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு அழுத்தினாள்.

முதல் மணியிலேயே எடுத்தாள் மலர்கொடி. மூச்சு மட்டும் கேட்டது.

"அத்தை, சாப்ட்டீங்களா?"

அவ்வளவுதான் கேட்டாள். அந்தப் பக்கம் மலர்கொடி ஓவென்று அழுதாள். இத்தனை வருஷத்தில் அவள் வாய்விட்டு அழுது ஜெனிஷா கேட்டதே இல்லை.

"மாரியாத்தா கோயிலுக்கும் வேண்டிக்கினேன், உங்க மாதா கோயிலுக்கும் வேண்டிக்கினேன்டி. யாரு மொதல்ல கேக்கிறாங்களோ கேக்கட்டும்."

"ரெண்டு பேரும் கேப்பாங்க அத்தை."

வெயில் சாய்ந்து வராண்டாத் தூண்களின் நிழல் நீண்டபோது கதவு திறந்தது. டாக்டர் கையில் ஒரு சின்ன புட்டி. உள்ளே வெளுத்து ஊறிப்போன ஒரு துணுக்கு. உங்கள் சுண்டுவிரல் நகத்தைப் பாருங்கள், அதில் பாதிகூட இராது.

"எடுத்துட்டோம். ரெண்டு பக்கமும் காத்து நல்லாப் போகுது. ரெண்டு நாள் வெச்சிருந்து பார்த்துட்டு அனுப்பறோம்."

செபாஸ்டின் அந்தப் புட்டியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அட நாயே" என்றார் அந்த முந்திரித் துணுக்கிடம்.

மயக்கம் தெளிந்து ஜெபினை மடியில் கொடுத்தார்கள். கண்ணைத் திறந்தான். அம்மாவைப் பார்த்தான், தாத்தாவைப் பார்த்தான். இத்தனை பேரும் சேர்ந்து தன்னை என்னவோ செய்துவிட்டார்கள் என்பது அவனுக்குப் புரிந்தது. வாயைத் திறந்து ஒரு கத்தல் கத்தினான் பாருங்கள். தொண்டை கரகரத்திருந்தாலும் நெஞ்சு நிறையக் காற்றை வாங்கி, வார்டே அதிரக் கத்தினான். பக்கத்துக் கட்டிலில் ஒரு குழந்தை திடுக்கிட்டு விழித்தது.

"ஷ்... ஷ்... கண்ணு..." ஜெனிஷாவின் கை தானாக அவன் தலைக்குப் பின்னால் போயிற்று. வாயைத் தோளோடு சேர்க்கப் போனாள்.

செபாஸ்டின் அந்தக் கையைப் பிடித்து மெல்ல எடுத்துவிட்டார்.

"உடும்மா. நல்லா கத்தட்டும். நா முழிச்சிக்கினுதான் இருக்கேன்."

ஜெபின் கத்தினான். தாத்தா கண்ணை மூடாமல், காதைப் பொத்தாமல், நல்ல பாட்டுக் கேட்கிறவர் மாதிரி தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். கத்திக் களைத்துப்போய் அவன் தூங்கினான். மூச்சு சீராக வந்தது, இரண்டு பக்கமும்.

அவனைப் பார்த்துக்கொண்டே செபாஸ்டின் சொன்னார்.

"ஜெனி, வூட்டுல எத வேணா தூக்கிக் குடு. ஷெட்டுல ஒரு முக்காலி கெடக்கும், கால் ஆடும். அத மட்டும் யாருக்கும் குடுத்துடாத."

"ஏம்ப்பா?"

"உன்ன மடியில போட்டுக்கினு உங்கம்மா அதுலதான் ஒக்காந்திருப்பா. நீ கல்யாணமாயி போன பெறகும் அங்க போயி ஒக்காருவா." அவர் குரல் இறங்கிற்று. "தனியா இருமறதுக்கு. அதையும் நா கேட்டுக்கினுதாம்மா படுத்திருந்தேன். அந்த முக்காலிக்கு அடியில அவ..."

நர்ஸ் வந்து மருந்துச் சீட்டோடு கூப்பிட்டாள். செபாஸ்டின் எழுந்து போனார், ஒரு காலில் தன் செருப்போடும் ஒரு காலில் சகாயமேரியின் செருப்போடும்.

ஜெனிஷா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். குள்ளஞ்சாவடி ரோட்டில் ஒரு மூன்று சக்கர வண்டி, துருப்பிடித்த கட்டிலுக்கு மேல் கால் ஆடும் ஒரு முக்காலியைச் சுமந்துகொண்டு போவது அவள் கண்ணுக்குத் தெரிந்தது.

அந்த வண்டி அதன் வழியே போகட்டும் கண்ணுகளா, முக்காலிக்கு அடியில் என்ன என்பதை அடுத்த வாரம் சொல்கிறேன், இப்போது நீங்கள் எழுந்து உங்கள் பிள்ளை தூங்குகிற இடத்துக்குப் போய் ஒரு நிமிஷம் நில்லுங்கள். மூச்சு இரண்டு பக்கமும் சீராக வருகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். உங்கள் வீட்டுக் குழந்தைகள் வாய்விட்டுச் சிரிக்கட்டும், வாய்விட்டு அழட்டும். ராத்திரி உழைத்து வருகிறவருக்குப் பகலில் மெய்யான தூக்கம் வரட்டும். யாரும் யாருக்காகவும் இருமலை விழுங்காத வீடாக உங்கள் வீடு நெடுங்காலம் நிறைந்திருக்கட்டும்.